பழைய டீசல், புதிய டீசல்: பிக்கப் வண்டியின் என்ஜினை எதை வைத்து நம்புவது?

(திருவனந்தபுரத்தில் வியாபாரிகள், வண்டி உரிமையாளர்கள், மெக்கானிக்குகள், தொழிற்பயிற்சி மாணவர்கள் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சாலைக் கடைத்தெரு அண்ணாச்சிமார் முன்வரிசையில் இருக்கிறீர்கள். சொந்த வண்டி வைத்து ஓட்டுகிற தம்பிமார், நாகர்கோவிலிலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் லோடு இறக்கிவிட்டு நேராக இங்கே வந்தவர்கள், பின்னால் நிற்கிறீர்கள். உங்களில் பலர் என்னிடம் தனித்தனியாகக் கேட்டது ஒரே கேள்விதான். பழைய பிக்கப்பை ஓவர்ஹால் பண்ணி இன்னும் ஐந்து வருடம் ஓட்டலாமா, விற்றுவிட்டு, இன்றைய புகைக் கட்டுப்பாட்டு விதியான பி.எஸ்.6படி வந்த வண்டி எடுக்கலாமா? இதில் எது நட்டாற்றில் விடாது?

விடிகாலையில் தோவாளைப் பூ இங்கே வந்து சேராவிட்டால் அன்றைய வியாபாரம் போச்சு. விழிஞ்ஞத்திலிருந்து ஐஸ் போட்டு ஏற்றிய மீன் பாலராமபுரத்தில் நின்றுவிட்டால் மீனும் போச்சு, வாடகையும் போச்சு. அதனால் இதை வெறும் வண்டிப் பேச்சாக நான் எடுத்துக்கொள்ளவில்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிய என்ஜின் பழையதைவிடக் குறைவாகவே பழுதாகிறது. ஆனால் பழுதானால் நின்றுவிடுகிறது. அதைச் சரிசெய்யத் தெரிந்தவர்களும் குறைவு. பழைய என்ஜின் அடிக்கடி சில்லறை வேலை வைக்கும். ஆனால் பழுதோடேயே ஊர் வந்து சேரும், தெருமுனை மெக்கானிக்கே அதைச் சரிசெய்துவிடுவார். ஆகவே நம்பகம் என்பதில் பாதி என்ஜினுக்குள் இருக்கிறது. மறுபாதி எண்ணெயிலும் வயரிலும் ஒர்க்ஷாப்பிலும் இருக்கிறது. அந்த மறுபாதியைப் பற்றித்தான் இன்று அதிகம் பேசப் போகிறேன்.

டீசல் இந்த ஊருக்குப் புதிதல்ல. 1938 பிப்ரவரி 20 அன்று சித்திரைத் திருநாள் மகாராஜா திருவிதாங்கூர் அரசுப் போக்குவரத்தைத் தொடங்கி வைத்தார். அதற்காக இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த காமர் சேஸிகளில் பெர்கின்ஸ் டீசல் என்ஜின் பூட்டியிருந்தது. லண்டன் போக்குவரத்து நிறுவனத்திலிருந்து சால்ட்டர் என்பவரை வரவழைத்து மேற்பார்வைக்கு வைத்தார்கள். பாடி கட்டும் வேலை இங்கேயே நடந்தது. அதாவது டீசல் என்ஜினை வாங்குவதோடு நிற்காமல், அதைப் பராமரிக்கும் ஆளையும் பட்டறையையும் அன்றைக்கே சேர்த்து ஏற்பாடு செய்தார்கள். இந்த ஏற்பாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போது பழைய பிக்கப்புக்கு வருவோம். நம் நினைவில் நிற்கிற வண்டிகள் சிலதான். பஜாஜ் டெம்போவின் மெட்டடார். மகிந்திரா ஜீப்பிலும் அதன் பிக்கப் வகைகளிலும் வந்த பெஜோ என்ஜின், 2,112 சி.சி., 62 குதிரைத்திறன். 1988இல் வந்த டாடா மொபைல் 206. அதற்குப் பின் வந்த 207 டி.ஐ.; 407 லாரிக் குடும்பத்தின் மூன்று லிட்டர் என்ஜினை ஒரு பிக்கப்புக்குள் வைத்த வண்டி அது. அப்புறம் 2005 மே மாதம் டாடா ஏஸ் வந்தது. 702 சி.சி., இரண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன். நம் ஊர் சந்துகளுக்குள் சுமை கொண்டுபோகும் முறையையே மாற்றிய வண்டி.

இந்த என்ஜின்களுக்குப் பொதுவாக ஒன்று உண்டு. டீசலை எப்போது, எவ்வளவு தெளிப்பது என்று தீர்மானித்தது முழுக்க முழுக்க இரும்புதான். பம்புக்குள் ஒரு பிளஞ்சர், ஒரு கவர்னர், ஒரு ஸ்பிரிங். பெங்களூரு மைக்கோ பம்பு என்றால் வயதான மெக்கானிக்குகளின் முகம் இன்றும் மலரும். என்ஜின் ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால், சோலனாய்டு வால்வைத் திறந்து வைக்கும் கரண்டைத் தவிர வேறு மின்சாரமே வேண்டாம்; சில வண்டிகளில் அதுவும் வேண்டாம். பேட்டரி செத்திருந்தால் நாலு பேர் தள்ளினால் போதும்.

ஏர் லாக் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். டீசல் தீர்ந்துபோய் நடுரோட்டில் நின்ற வண்டி. டிரைவர் கேனில் டீசல் வாங்கி வந்து ஊற்றுகிறார். பில்டர் தலையிலிருக்கும் சின்ன ஸ்குரூவைப் பத்தாம் நம்பர் ஸ்பேனரால் அரைத் திருகு தளர்த்துகிறார். கைப்பம்பை அமுக்க அமுக்க நுரை வரும், பிறகு குமிழி குமிழியாக வரும், கடைசியில் குமிழியே இல்லாமல் டீசல் மட்டும் வழியும். ஸ்குரூவை இறுக்குகிறார். நாசில் பைப்பின் நட்டுகளைக் கொஞ்சம் விட்டு, செல்ப் அடிக்கிறார். டீசல் பீச்சியதும் நட்டை இறுக்கினால் வண்டி ஓடுகிறது. கால் மணி நேர வேலை. பள்ளிக்கூடம் முடிக்காத ஒரு பையன் ஒரு மழைக்காலத்துக்குள் இதைக் கற்றுக்கொள்வான்.

மிஸ் அடிக்கிற சிலிண்டரைக் கண்டுபிடிப்பதும் இப்படித்தான். என்ஜின் ஓடும்போதே ஒவ்வொரு நாசில் பைப் நட்டாகத் தளர்த்திப் பார்ப்பார்கள். எந்த நட்டைத் தளர்த்தும்போது சத்தம் மாறவில்லையோ அந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பொருள். ஸ்கேனர் வேண்டாம், காது போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். தம்பிமார் கவனமாகக் கேளுங்கள். இந்த வித்தையை, உயரழுத்த டீசலை ஒரே பொதுக் குழாயில் தேக்கி எல்லா இன்ஜெக்டருக்கும் தரும் புதிய காமன் ரெயில் என்ஜினில் ஒருநாளும் செய்யாதீர்கள். பெஜோ போன்ற பழைய என்ஜினில் நாசில் திறக்கும் அழுத்தம் 150 பாருக்குப் பக்கத்தில் இருக்கும், 207 டி.ஐ. போன்றவற்றில் 200, 250 பார். காமன் ரெயிலில் 1,600 பாரும் அதற்கு மேலும் நிற்கிறது. ஓடும் என்ஜினில் அந்த நட்டைத் தளர்த்தினால் வெளியே வருகிற டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் ஏறிவிடும். வெளியே ஊசி குத்திய அளவு புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகத் தொடங்கும். சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலையோ கையையோ எடுக்க வேண்டி வரலாம். பழைய பழக்கத்தைப் புதிய என்ஜினுக்குக் கொண்டுபோவதில் எனக்கு மிகவும் பயம் தருவது இதுதான்.

பழைய என்ஜினைப் புகழ்ந்து பேசும்போது நாம் ஒன்றை மறந்துவிடுகிறோம். இன்று ரோட்டில் நாம் பார்க்கிற இருபது வருடத்து டாடா, மகிந்திரா வண்டிகள் பிழைத்துக் கிடந்தவை. அவற்றோடு பிறந்து, ஹெட் கேஸ்கெட் போய், ஹெட் வெடித்து, லைனர் தேய்ந்து, கிராங்க் உடைந்து பழைய இரும்புக் கடைக்குப் போனவை நம் கண்ணில் படுவதில்லை. "அந்தக் காலத்து வண்டி அசையாது" என்று சொல்கிறவர்கள் பிழைத்தவற்றை மட்டும் எண்ணுகிறார்கள். அந்தக் காலத்தில் ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றினோம். இடையிடையே வால்வு கிளியரன்ஸ் பார்த்தோம். பம்பைக் கழற்றி காலிபரேஷனுக்குக் கொடுத்தோம். ரிங் மாற்றுவது, போர் அடிப்பது எல்லாம் வண்டியின் வாழ்க்கையில் வரும் சாதாரணச் சடங்குகளாக இருந்தன. இத்தனையும் செய்துவிட்டு "வண்டி ஒரு நாளும் தொந்தரவு தரவில்லை" என்று சொல்வோம். அந்த வேலைகள் நமக்குத் தொந்தரவாகப் படவில்லை, அவ்வளவுதான்.

இன்றைய என்ஜினில் சிலிண்டரும் ரிங்கும் பேரிங்கும் செய்யப்படும் துல்லியம் அன்றைக்குக் கிடையாது. ஆயிலின் தரமும் எவ்வளவோ உயர்ந்துவிட்டது. உலோகத்தை மட்டும் வைத்துப் போட்டி வைத்தால் புதியதுதான் ஜெயிக்கும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அப்படியானால் புதிய வண்டிக்காரர் ஏன் கவலையோடு இருக்கிறார்?

முதல் காரணம் டீசலும் அதிலிருக்கும் தண்ணீரும்.

காமன் ரெயில் இன்ஜெக்டருக்குள் ஒன்றோடொன்று உரசி நகரும் பாகங்களுக்கு இடையே இருக்கும் இடைவெளி இரண்டு, மூன்று மைக்ரான். ஒரு தலைமுடியின் பருமனில் இருபதில் ஒரு பங்குக்கு அருகில். பழைய பம்பிலும் பிளஞ்சர் இடைவெளி நுண்ணியதுதான். ஆனால் அங்கே அழுத்தம் பல மடங்கு குறைவு. அதோடு வரிசைப் பம்புகளில் கேம் பகுதிக்குத் தனியாக ஆயில் உண்டு. இன்றைய உயரழுத்தப் பம்பின் பெரும்பாலான வகைகளுக்கு வழுவழுப்புத் தருவதே அதற்குள் ஓடும் டீசல்தான். அந்த டீசலில் தண்ணீர் கலந்தாலோ, மண்ணெண்ணெய் கலந்தாலோ, பம்பு தன்னைத் தானே அரைத்துக்கொள்ளத் தொடங்கும். அரைபட்ட இரும்புத் தூள் அங்கேயே நிற்காது. ரெயிலுக்குப் போகும், இன்ஜெக்டர்களுக்குப் போகும், ரிட்டர்ன் வழியாக டேங்குக்கே திரும்பி வரும். அப்போது பம்பு, ரெயில், நான்கு இன்ஜெக்டர், பைப் என்று எல்லாவற்றையும் மாற்றினால்தான் வண்டி திரும்பவும் நம்பத் தகுந்ததாக ஆகும். பாதியை மட்டும் மாற்றினால் மிச்சமிருக்கும் தூள் புது இன்ஜெக்டரையும் தின்றுவிடும்.

இது நம் நாட்டுக் கதை மட்டும் அல்ல. அமெரிக்காவில் டாட்ஜ் பிக்கப்புகளில் 1989இலிருந்து வந்த 5.9 லிட்டர் கம்மின்ஸ் என்ஜினை, முக்கியமாக 1998 வரை வந்த மெக்கானிக்கல் பம்பு வகையை, இன்றும் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். அதே குடும்பத்தின் புதிய என்ஜினில் 2019, 2020 மாடல்களுக்கு ஒரு நவீன உயரழுத்தப் பம்பு பொருத்தப்பட்டது. அந்தப் பம்பு கோளாறுக்காக 2021இல் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட ராம் பிக்கப்புகள் திரும்ப அழைக்கப்பட்டு, அதற்கு முந்தைய வகைப் பம்பு பொருத்தப்பட்டது. என்ஜினின் அடிப்படை உடம்பில் பழுது இல்லை. டீசல் தரும் பகுதியில் ஒரு பாகம் சறுக்கியது, வண்டி நின்றது. புதிய என்ஜின் நிற்கும் முறைக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

கேரளக் கடற்கரையின் ஈரக்காற்று உங்களுக்குத் தெரியும். பாதி டேங்க் டீசலோடு இரவு முழுக்க நிற்கிற வண்டியில், காலி இடத்துக் காற்றிலிருக்கும் ஈரம் டேங்கின் சுவரில் வேர்த்து இறங்கும். இடவப்பாதி மழையில் இது இன்னும் அதிகம். பில்டருக்கு அடியில் தண்ணீர் பிரிக்கும் கிண்ணம் ஒன்று இருக்கிறது. பல டிரைவர்கள் அதைத் தொட்டதே இல்லை. ஒரு தடவை வெள்ளைக் கண்ணாடிக் குவளையில் அதைத் திறந்து பிடித்துப் பாருங்கள். பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் தண்ணீர் தனி அடுக்காகப் பிரிந்து நிற்கும். அதற்கு மேல் பழுப்பு நிறத்தில் ஒரு கசடு. அதற்கும் மேல் டீசல். அந்த அடி அடுக்கு இன்ஜெக்டருக்குப் போயிருந்தால் உங்களுக்கு எவ்வளவு செலவாகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பில்டர் விலை அதில் ஒரு மூலைக்குக் காணாது.

சிலர் டீசலில் டூ-டி ஆயில் கலக்கிறார்கள். கந்தகம் எடுத்த டீசல் வறண்டது, பம்பு தேய்ந்துவிடும் என்று யாரோ சொன்னதால். கந்தகம் குறைந்தது உண்மைதான். பி.எஸ்.3 காலத்தில் 350 பி.பி.எம்., பி.எஸ்.4இல் 50, பி.எஸ்.6இல் 10. கந்தகம் நீக்கும்போது டீசலின் இயல்பான வழுவழுப்பும் குறையும் என்பதால்தான் அதை ஈடுகட்டச் சேர்மம் சேர்த்து, அளந்து பார்த்த பிறகே சுத்திகரிப்பு ஆலை அதை வெளியே விடுகிறது. நீங்கள் கலக்கும் ஆயிலின் சாம்பல் புகைக்குழாயிலிருக்கும் வடிகட்டியை அடைத்துவிடும். தயவுசெய்து கலக்காதீர்கள்.

அந்த வடிகட்டி, நீங்கள் டி.பி.எஃப். என்று சொல்வது, இரண்டாவது காரணம். இதைத் திட்டாத டிரைவர் இல்லை. முதலில் இது எதற்காக வந்தது என்று சொல்ல என்னை அனுமதியுங்கள். 2012இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று முதல் வகுப்பில் சேர்த்தது. சாலைக் கடைத்தெருவில் சுமை இறக்குகிற அண்ணன்மார் நாள் முழுவதும் வண்டியின் பின்பக்கத்தில்தான் நிற்கிறார்கள். டெயில் போர்டை இறக்கினால் அவர்களுடைய முகத்துக்கு நேரே புகைக்குழாய். டீசல் கார்களுக்கான அளவில் பார்த்தால், பி.எஸ்.4இலிருந்து பி.எஸ்.6க்கு வந்தபோது துகள் வரம்பு 82 சதவீதமும் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு 68 சதவீதமும் குறைந்தன. அந்த வடிகட்டியை அறுத்து எடுத்துவிட்டு வெறும் குழாய் வைத்துக் கொடுக்கும் பட்டறைகள் இருக்கின்றன. சட்டப்படி அது குற்றம் என்பது ஒரு பக்கம். நம் ஆளுடைய நுரையீரலில் நாம் கை வைக்கிறோம் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஆனால் டிரைவரின் கஷ்டமும் நிஜமானது. அந்த வடிகட்டியில் சேரும் கரியை எரிக்க ஏறத்தாழ 600 டிகிரி வெப்பம் வேண்டும். கிழக்கேகோட்டையிலிருந்து சாலைக் கடைத்தெருவுக்குள் நுழைந்து, அட்டக்குளங்கரை சுற்றி, கரமனையில் இறக்கிவிட்டு, மறுபடி சாலைக்கு வருகிற வண்டிக்கு அந்த வெப்பம் கிடைப்பதே இல்லை. கம்ப்யூட்டர் கூடுதல் டீசல் தெளித்துச் சூடேற்றப் பார்க்கும். பாதியில் நீங்கள் சாவியைத் திருப்பி அணைத்துவிடுகிறீர்கள். எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயில் சம்புக்கு இறங்கும். டிப் ஸ்டிக்கில் ஆயில் குறையாமல் ஏறிக்கொண்டே போனால் அது நல்ல செய்தி இல்லை. டீசல் கலக்கிறது என்று அர்த்தம். ஆகவே நகரத்துக்குள்ளேயே ஓடும் வண்டியை அவ்வப்போது கழக்கூட்டம் பைபாசில் ஏற்றி, கால் மணி, இருபது நிமிடம் ஒரே வேகத்தில் ஓட்டுங்கள். விளக்கு எரிந்தால் அன்றைக்கே ஓட்டுங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள். ஆயிலும் கையேட்டில் போட்டிருக்கிற குறைந்த சாம்பல் வகையே ஊற்றுங்கள். ஒரு நாளைக்கு இருபது கிலோமீட்டருக்குள் நின்று நின்று ஓடும் வேலைதான் உங்களுடையது என்றால், டீசலே வேண்டாம். மின்சார வண்டியோ சி.என்.ஜி.யோ பாருங்கள். டீசல் என்ஜின் தூரம் போவதற்கு உரியது.

மூன்றாவது காரணம் வயர். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் கடற்கரை ஊரில் இதுதான் பெரும் பிரச்சினை என்பது என் எண்ணம். கரமனைப் பக்கத்து ஷெட் ஒன்றில் பார்த்ததைச் சொல்கிறேன். விழிஞ்ஞத்தில் மீன் ஏற்றும் பிக்கப். ஏற்றத்தில் திடீரென்று இழுவை விட்டுவிடுகிறது, செக் லைட் எரிகிறது, அணைத்து அரை மணி கழித்துப் போட்டால் ஓடுகிறது. ஸ்கேனர் ரெயில் பிரஷர் சென்சாரைக் காட்டியது. சென்சாரை மாற்றினார்கள். இரண்டு வாரத்தில் திரும்பவும் அதே கதை. கடைசியில் ஓர் இளைஞர் பொறுமையாக ஹார்னஸைத் தடவிக்கொண்டே போய், ஒரு கனெக்டரைக் கழற்றிக் காட்டினார். பின்களெல்லாம் பச்சை பூத்திருந்தன. பெட்டியிலிருந்து ஒழுகும் உப்புத் தண்ணீர் சேஸி வழியாக ஓடி, வயர் உறைக்குள் இறங்கி, செம்பைத் தின்றிருந்தது. சுத்தம் செய்து, கிரீஸ் வைத்து, ஒழுக்கு விழாத இடத்துக்குத் தூக்கிக் கட்டினார். அதோடு அந்தத் தொல்லை தீர்ந்தது. செலவு சில நூறு ரூபாய். அதற்கு முன் சென்சாருக்குக் கொடுத்தது பல ஆயிரம்.

பழைய வண்டியிலும் உப்புத் தண்ணீர் ஒழுகியது. சேஸியைத்தான் தின்றது, என்ஜின் கவலைப்படவில்லை, ஏனென்றால் என்ஜினுக்கும் கரண்டுக்கும் ஒட்டுறவு குறைவு. புதிய என்ஜினில் ஒரு சென்சாரின் சொல் தப்பாக வந்தால் கம்ப்யூட்டர் என்ஜினைக் காப்பாற்றுவதற்காகவே சக்தியைக் குறைத்துவிடுகிறது. என்ஜின் நல்லபடி இருக்கிறது, வண்டி நகரவில்லை. மீன் ஏற்றுகிறவர்கள் பெட்டியின் வடிகாலைச் சரிபார்ப்பதும், வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தைக் கழுவுவதும், கனெக்டர்களை வருடத்துக்கு இரண்டு தடவையாவது திறந்து பார்ப்பதும் ஆயில் மாற்றுவதற்குச் சமமான வேலை.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தை இந்த அவையில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நம் கரையோர மீனவர்கள் வள்ளங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு வடக்கே போய் உயிர்களைக் காப்பாற்றினார்கள். வெள்ளம் வடிந்த பிறகு மூழ்கிய வண்டிகளின் கதை தொடங்கியது. ஓடும்போது தண்ணீரை உறிஞ்சிய என்ஜின் பழையதோ புதியதோ, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதில் பேதம் இல்லை. அணைத்து நிறுத்திய நிலையில் மூழ்கிய வண்டியில்தான் வித்தியாசம். மெக்கானிக்கல் என்ஜினில் நாசில்களைக் கழற்றி, சுற்றித் தண்ணீரை வெளியேற்றி, டேங்கைக் கழுவி, ஆயிலை மூன்று நான்கு முறை மாற்றினால் பெரும்பாலும் ஓடிவிடும். புதியதில் கம்ப்யூட்டர் பெட்டி, சென்சார்கள், ஹார்னஸ் எல்லாம் சேற்றுத் தண்ணீரில் ஊறிய பிறகு, செலவு வண்டி விலையை எட்டிப் பார்க்கும். ஆற்றோரத்திலும் தாழ்ந்த இடத்திலும் வண்டி நிறுத்துகிறவர்கள் முழு இன்ஷூரன்ஸை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள்.

எந்த வண்டி வாங்குவது என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். குதிரைத்திறனை லிட்டரால் வகுத்துப் பாருங்கள். பழைய பெஜோவுக்கு லிட்டருக்கு ஏறத்தாழ 29 வரும். இன்றைய பி.எஸ்.6 பொலேரோ பிக்கப் 2,523 சி.சி., சுமார் 75 குதிரைத்திறன், லிட்டருக்கு 30. இசுசூ வி-கிராஸ் 1.9 லிட்டரில் 163 தருகிறது, லிட்டருக்கு 86. காமன் ரெயில், டர்போ எல்லாம் இருந்தும் பொலேரோவின் லிட்டர் கணக்கு பழைய ஜீப் காலத்தோடு ஒட்டியே இருக்கிறது. சுமை வண்டிக்கு அதுதான் நல்லது. வி-கிராஸ் மோசமான என்ஜின் என்று நான் சொல்லவில்லை. ஆள் ஏற்றிக்கொண்டு தூரம் போகிறவருக்கு அது அருமையான வண்டி. இரண்டு டன் செங்கல்லை ஏற்றி நெடுமங்காடு மேட்டில் முதல் கியரில் இழுக்கிறவர், அதிகமாகப் பிழிந்தெடுக்காத என்ஜினையே தேட வேண்டும். எந்த என்ஜினானாலும் அனுமதித்த சுமையைப் போல இரு மடங்கு ஏற்றினால் அதன் ஆயுள் பாதியாகக்கூட நிற்காது. டர்போ வண்டியில் பொன்முடியின் 22 வளைவுகளை ஏறி முடித்ததும் சாவியைப் பிடுங்காதீர்கள். ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள். நிமிடத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் சுற்றும் தண்டுக்கு ஆயில் திடீரென்று நின்றால் அது கருகிப்போகும்.

இனி அரசு பக்கம். 2016 மே மாதம் கொச்சியில் கூடிய தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் அமர்வு, திருவனந்தபுரம் உட்பட ஆறு நகரங்களில் பத்து வயதைத் தாண்டிய டீசல் வண்டிகள் ஓடக்கூடாது என்று உத்தரவிட்டது. அடுத்த மாதமே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்து நிறுத்தியது. அந்த நாட்களில் இந்தக் கடைத்தெருவில் எத்தனை குடும்பங்கள் தூங்காமல் இருந்தன என்பது உங்களுக்குத் தெரியும். புகையைக் குறைக்க வேண்டும் என்ற நோக்கத்தை நான் முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் வண்டியைத் தீர்மானிக்க வயது மட்டும் சரியான அளவுகோல் ஆகாது. பத்து வயதில் பம்பு காலிபரேஷன் செய்து, நாசில் மாற்றி, புகை இல்லாமல் ஓடும் வண்டியும் உண்டு. மூன்று வயதில் வடிகட்டியை அறுத்துவிட்டுக் கரியைக் கக்கும் வண்டியும் உண்டு. சரக்கு வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும் பிறகு வருடா வருடமும் ஃபிட்னஸ் பார்க்கிறார்கள். அந்தச் சோதனையைப் பெயருக்குச் செய்யாமல் ஒழுங்காகச் செய்தாலே போதும். புகைக்கிற பழைய வண்டி தானே விலகும்.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,500 கோடி ரூபாய்க்கும் மேல் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும், பழுது கண்டறியும் கருவிகளையும், தொழில்நுட்பக் கையேடுகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. விவகாரம் மேல்முறையீட்டுக்குப் போனது. 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு தளத்தைத் தொடங்கி, வாகனத் துறையையும் அதில் சேர்த்தது. தொடக்கம் நல்லதுதான். ஆனால் இன்றும் நெய்யாற்றின்கரையில் ஒரு மெக்கானிக் புது இன்ஜெக்டரை மாற்றிய பிறகு, அதன் குறியீட்டு எண்ணைக் கம்ப்யூட்டரில் பதிய கம்பெனி ஒர்க்ஷாப்புக்கு வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. வேலை அரை மணி. காத்திருப்பு மூன்று நாள். அந்த மூன்று நாள்தான் புதிய என்ஜினுக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுக்கிறது. என்ஜின் செய்யாத குற்றத்தை அதன் தலையில் போடுகிறோம்.

1938இல் என்ஜினும் பட்டறையும் ஆளும் சேர்ந்தே வந்தன என்று சொன்னேன். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 நாடு முழுவதும் வந்தபோது வண்டி மட்டும் வந்தது. களியக்காவிளையிலிருந்து கழக்கூட்டம் வரை ரோட்டோரத்தில் இருக்கும் நூற்றுக்கணக்கான ஷெட்டுகளுக்கு யாரும் போய்ச் சொல்லிக் கொடுக்கவில்லை. இங்கே ஐ.டி.ஐ.களும் பாலிடெக்னிக்குகளும் இருக்கின்றன. 1939இல் தொடங்கிய பொறியியல் கல்லூரி இருக்கிறது. வேலை செய்கிற மெக்கானிக்குகளுக்காக ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடத்துங்கள் என்று அவற்றின் பொறுப்பில் இருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு ஓட்டை காமன் ரெயில் என்ஜின், ஒரு ஸ்கேனர், ஒரு மல்டிமீட்டர் இருந்தால் தொடங்கிவிடலாம். தமிழிலும் மலையாளத்திலும் நடத்துங்கள். காதால் கேட்டே சிலிண்டரைக் கண்டுபிடித்த ஆசான்மாருக்கு மல்டிமீட்டர் பிடிப்பது பெரிய வித்தை இல்லை; சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும்.

வண்டி வைத்திருப்பவர்களுக்குக் கடைசியாக என் தீர்ப்பு இது. பழைய வண்டி நல்ல நிலையில் இருந்து, பாகங்கள் கிடைத்து, புகைச் சோதனையில் நேர்மையாகத் தேறினால், அதை விற்க அவசரப்படாதீர்கள். தேறவில்லை என்றால் பாசத்தை விட்டுவிட்டு மாற்றுங்கள். புதியதை எடுப்பதானால், லிட்டருக்குக் குறைந்த குதிரைத்திறன் உள்ளதாக, உங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஸ்கேனரும் ஆளும் இருக்கிற கம்பெனியின் வண்டியாக எடுங்கள். எடுத்த அன்றைக்கே அந்தத் தண்ணீர்க் கிண்ணம் எங்கே இருக்கிறது என்று டிரைவரைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தெரிந்த பிறகு சாவியைக் கொடுங்கள்.